உத்திரத்துக்கு வைத்தியம்

அடுப்புச் சூட்டிலும் அன்பு குறையாத என் வீட்டுக்காரருக்கு,

இங்கே நான், மாமா, குட்டி மூவரும் நலம். நம் வீட்டுக் கரையான்களும் நலம், எங்கள் மூவரையும் விடக் கொஞ்சம் கூடுதல் நலம். அங்கே உங்கள் நலத்தையும், உங்கள் சமையலைத் தினமும் சாப்பிட்டு ரோடு போடுகிற அந்தப் பாவப்பட்ட ஆட்களின் வயிற்று நலத்தையும் அறிய ஆவல்.

உங்கள் கடிதத்தை சப்ளை வண்டிக்காரர் கொண்டுவந்து கொடுத்தார். டவர் எட்டாத கேம்ப்பில் நீங்கள் இருப்பதில் எனக்கு ஒரே லாபம், உங்கள் கையெழுத்தைப் பார்க்கக் கிடைப்பதுதான். கோழி கிளறினது போல இருந்தாலும் என் வீட்டுக் கோழி.

ஆனால் உள்ளே எழுதியிருந்த சங்கதிதான் எனக்குச் செரிக்கவில்லை. கூரையைப் பிரித்துக் காங்கிரீட் போடணும், அதற்காக இன்னும் இரண்டு வருஷம் ஒப்பந்தத்தை நீட்டப் போகிறேன், மாதக் கடைசியில் கையெழுத்துப் போட்டுக் காகிதத்தை அனுப்பணும் என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லாம் அந்தக் கடிகார ஆணியால் வந்த வினை. கதவு நிலையில் ஆணியை வைத்து அழுத்தினேன், வாழைப்பழத்தில் ஊசி இறங்குவது போல இறங்கிவிட்டது, நம் வீடு பழுத்துவிட்டது என்று சும்மா கேலியாகத்தான் எழுதினேன். நீங்கள் அதைப் படித்துவிட்டு உட்கார்ந்த இடத்திலேயே வீட்டை இடித்துக் கட்டிவிட்டீர்கள்.

முதல் தடவை குளியலறை கட்ட என்று போனீர்கள். அடுத்தது மாமாவின் கண் ஆபரேஷனுக்காக நீட்டினீர்கள். அதெல்லாம் நியாயம். இப்போது கூரை. இந்த வீடு வாய் திறக்கும்போதெல்லாம் நீங்கள் இரண்டு வருஷத்தை எடுத்து ஊட்டுகிறீர்கள். அதனால் இந்தத் தடவை ஊட்டுவதற்கு முன்னால், அதற்கு நிஜமாகவே பசிதானா என்று நான் பார்த்துவிடுகிறேன். என் அடுத்த கடிதம் வரும்வரை பேனாவைத் தொடாதீர்கள். கரண்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நான் வேலை பார்க்கிற மரக்கடையில் பெரிய தொட்டி ஒன்று இருக்கிறதல்லவா, பலகைகளை அறுத்ததும் முக்கி எடுப்பார்களே. அதில் இருப்பது போரேட் பவுடரைக் கரைத்த கரையான் மருந்துதானாம். இத்தனை நாள் அதைச் சுற்றியே கூட்டிப் பெருக்குகிறேன், நம் வீட்டுக்கும் ஆகுமா என்று கேட்கத் தோன்றவில்லை. எங்கள் மேஸ்திரியிடம் கேட்டேன். அவரை எல்லோரும் டொக்கு மேஸ்திரி என்பார்கள். எந்த மரத்தைப் பார்த்தாலும் விரலை மடக்கி டொக்கு டொக்கென்று தட்டிப் பார்ப்பார். வீட்டுக்கு வந்தவர் நாற்காலியைத் தட்டினார், மேஜையைத் தட்டினார், தலையை நீட்டியிருந்தால் மாமாவையும் தட்டியிருப்பார்.

எல்லாவற்றையும் தட்டிவிட்டுக் கம்பியால் அங்கங்கே குத்திப் பார்த்தார். "நிலைதாம்மா போச்சு, அதை மாத்திடணும். மேல சட்டமெல்லாம் மேலாப்பலதான் அரிச்சிருக்கு, உள்ள கல்லு மாதிரி இருக்கு" என்றார். நடு உத்திரத்தைப் பற்றி மட்டும் பேச மாட்டேன் என்றுவிட்டார். பெயிண்ட் மறைக்கிறதாம். சுரண்டினால்தான் சொல்ல முடியுமாம்.

பெயிண்ட் யார் அடித்தது? போன லீவில் வந்து, ஏணி மேல் ஏறி நின்று, ஆஸ்பத்திரிப் பச்சை எனாமலை மூன்று பூச்சு பூசிவிட்டு, இனி இருபது வருஷத்துக்குக் கவலை இல்லை என்று சொன்ன மகான் யாரோ அவரைத்தான் கேட்க வேண்டும். கரையானுக்கு வெயில் படாமல், காற்றுப் படாமல், யார் கண்ணும் படாமல் பந்தல் போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். மொய் வைக்காத குறைதான்.

பெயிண்ட் மேல் இந்த மருந்து இறங்காதாம். அதனால் நாளையிலிருந்து உங்கள் கைவேலையைச் சுரண்டப் போகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் வீட்டுக்காரி

~

சொன்ன பேச்சைக் கேட்டுப் பேனாவை மூடி வைத்திருக்கும் என் ராசாவுக்கு,

நலம், நலமே. குட்டி கணக்கில் நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள். மாமாவுக்குப் பார்வை இப்போது ரொம்பத் தெளிவு. தெளிவானதால் வந்த வம்பைப் பிறகு சொல்கிறேன்.

பவுடர் தூவிக் கரையானை விரட்ட நம் வீடு என்ன கேரம் போர்டா என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். கேலி செய்வது இந்த வீட்டில் என் இலாகா. ஆனாலும் நீங்கள் சொன்னதில் பாதி சரி. மாமாவும் குட்டியும் சாயங்காலம் கேரம் ஆடும்போது தூவுகிறார்களே, அந்த போரிக் பவுடரும், நகை ஆசாரி பற்றவைக்கப் போடுகிற வெங்காரமும் இந்த மருந்துக்கு ஒரே குடும்பம் என்றார் மேஸ்திரி. மாமா உடனே "அப்ப ஒரு கிண்ணம் எங்களுக்கும் குடும்மா" என்றார். அது வயிற்றுக்குள் போனால் விஷம், ஆட்டத்துக்கு இல்லை என்று சொல்லி மருந்துப் பையைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். குட்டிக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.

முதலில் ஒழுகலை நிறுத்தினோம். பின்பக்கச் சுவர் மேலே இரண்டு ஓடு உடைந்து, மழைத்தண்ணீர் சுவர் வழியாக இறங்கி உத்திரத்தின் முனையை நனைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஓட்டை மாற்றியாயிற்று. அடுத்து, கொல்லையில் சுவரோடு ஒட்டி நீங்கள் அடுக்கிவிட்டுப் போன பழைய பலகைகள். ஒருநாள் உதவும் என்றீர்களே, உதவியது. கரையான் அதில் ஏறித்தான் உள்ளே வந்திருக்கிறது. அத்தனையையும் அப்புறப்படுத்தி, அது சுவரில் கட்டியிருந்த மண் கோடுகளை, மேஸ்திரி விடச் சொன்ன ஒரு துண்டைத் தவிர, தட்டிவிட்டேன்.

பிறகு சுரண்டல். மூன்று பூச்சையும் சுரண்டுவதற்குள் கை மரத்துப்போய், மரம் எது கை எது என்று தெரியவில்லை. சுரண்டிய இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்கச் சொன்னார் மேஸ்திரி. சொட்டு முத்தாக நின்றால் இன்னும் பெயிண்ட் இருக்கிறது, உறிஞ்சிக்கொண்டால் மரம் குடிக்கத் தயார். நானும் சொட்டுச் சொட்டாக வைத்துப் பார்த்துக்கொண்டே போனேன். பக்கத்து வீட்டுக்காரி வந்து, மரத்துக்குக் காய்ச்சலா, சங்கில் ஊற்றுகிறாயா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

கையுறை மாட்டி, மூக்கில் துணி கட்டி, வெந்நீரில் பவுடரைக் கொட்டித் தெளியும்வரை கலக்கினேன். பிரஷ்ஷால் நனைய நனைய அடித்தேன். அரித்த இடங்களில் மேஸ்திரி சின்னச் சின்ன ஓட்டை போட்டுக் கொடுத்தார், அதில் ஊசிக் குழாயால் ஏற்றினேன். மாமா கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த பழக்கம், மருந்தைப் பார்த்து "உள்ள போ, உள்ள போ, வாசல்ல நிக்காத" என்று அதட்டினார். சிரித்துச் சிரித்து ஏணியே ஆடியது.

இப்போது வம்பு. மருந்து காய்ந்ததும் மரத்தின் மேல் வெள்ளையாக உப்புப் பூத்தது. நான் வேலைக்குப் போயிருந்தேன். மாமா அதைப் புதுக் கண்ணால் பார்த்திருக்கிறார். பூஞ்சை பிடித்துவிட்டது, மருமகள் கலவையில் கோட்டை விட்டுவிட்டாள், அவள் வந்து பார்த்தால் மனசு உடைந்துபோவாள் என்று நினைத்து, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவி வைத்திருக்கிறார்! நான் உள்ளே நுழைந்தால் கூரை சொட்டுகிறது, மாமா துவைத்துப் போட்ட துணி மாதிரி நிற்கிறார், "சுத்தமாக்கிட்டேம்மா, நீ ஒண்ணும் கவலைப்படாத" என்கிறார்.

இந்த மருந்துக்குத் தண்ணீர்தான் எமன். இறங்காமல் மேலே நின்றதையெல்லாம் கழுவினால் கொண்டுபோய்விடும். எனக்கு அழுகை வந்தது. மாதக் கடைசி வேறு நெருங்குகிறது. ஆனால் அந்த வயசில் ஏணி ஏறிக் கழுவியவரை என்ன சொல்ல? டீ போட்டுக் கொடுத்தேன். விஷயம் தெரிந்ததும் மனுஷன் அந்த டீயைக் குடிக்கவே இல்லை. "என்னாலதான் அவன் இன்னும் ரெண்டு வருஷம் அங்க கெடக்கணுமா" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அன்று சாயங்காலம் கேரமும் இல்லை.

மறுநாள் மேஸ்திரியைக் கையோடு கூட்டிவந்தேன். தட்டிப் பார்த்தார், தடவிப் பார்த்தார், சிரித்தார். ஈரமான மரத்தில்தான் இந்த மருந்து இன்னும் ஆழமாக இறங்குமாம். "பெரியவரு நல்லதுதான் பண்ணியிருக்காரு. காயறதுக்குள்ள இன்னொரு வாட்டி அடிச்சு பிளாஸ்டிக் தாள் சுத்திடு" என்றார். அதைக் கேட்டதும் மாமா ஏணியைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நின்றார். அடித்து, சுற்றிக் கட்டிவிட்டோம். நம் கூரை இப்போது ஊருக்குப் போகிற மூட்டை மாதிரி இருக்கிறது.

அவிழ்த்துப் பார்த்ததும் உத்திரத்தைப் பற்றிச் சொல்வதாக மேஸ்திரி சொல்லியிருக்கிறார். அதுவரை பொறுங்கள்.

உங்கள் மரத்து வைத்தியச்சி

~

என் அன்புக்கு உரியவருக்கு,

இந்தக் கடிதம், ஒப்பந்தக் காகிதம் போகும் முன்னால் உங்கள் கைக்கு வர வேண்டும் என்று வண்டிக்காரரிடம் இரண்டு தடவை சொல்லி அனுப்புகிறேன். எப்போதும் போல விளையாடாமல் நேராகச் சொல்லிவிடுகிறேன். விளையாட்டாக எழுதினால் நீங்கள் காங்கிரீட் போட்டுவிடுகிறீர்கள்.

தாளை அவிழ்த்தோம். சட்டங்கள் எல்லாம் தேறிவிட்டன. மண் கோட்டில் ஒரு துண்டை மட்டும் மேஸ்திரி வேண்டுமென்றே பாதி உடைத்து விட்டுவைத்திருந்தார். உள்ளே உயிர் இருந்தால் கரையான் உடைந்ததைத் திரும்பக் கட்டிவிடுமாம். நானும் மாமாவும் காலையில் எழுந்ததும் பல்கூடத் தேய்க்காமல் போய்ப் பார்த்தோம். கட்டவே இல்லை. உடைந்தது உடைந்தபடியே இருக்கிறது. இதோடு தொல்லை ஒழிந்தது என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது, ஒவ்வொரு மழைக்கும் பிறகு ஒரு சுற்றுப் பார்த்துவிட வேண்டும் என்றார். பார்க்கிறேன். எனக்கு வேறு என்ன வேலை?

கதவு நிலையைப் பிடுங்கிவிட்டோம். எங்கள் கடையிலேயே தொட்டியில் முக்கிய மரத்தில் புதுசு செய்து பொருத்தியாயிற்று. இந்தத் தடவை நிறம் என் இஷ்டம். ஆஸ்பத்திரிப் பச்சை கிடையாது.

இனி நடு உத்திரம். முழு நீளமும் நல்ல வைரம் பாய்ந்த மரம், கரையான் பல்லே படவில்லை. ஆனால் ஒழுகி ஒழுகி நனைந்த அந்தச் சுவர்ப்பக்க முனை மட்டும் ஒரு முழத்துக்கு மக்கிவிட்டது. இருப்பதைத்தான் மருந்து காப்பாற்றும், போனதைத் திரும்பத் தராது. அந்த முனையை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் துண்டு சேர்த்து, இரும்புப் பட்டை போட்டு இறுக்கினால் போதுமாம். கூரையைப் பிரிக்கவும் வேண்டாம், காங்கிரீட்டும் வேண்டாம். தன் ஆட்களோடு வந்து ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்றார். நான்தான் இப்போது வேண்டாம், முட்டுக் கொடுத்தால் போதும் என்று சொல்லிவிட்டேன். சமையலறை ஓரத்தில் ஒரு கனத்த மரம் நிமிர்ந்து நிற்கிறது. குட்டி அதில் பையை மாட்டுகிறாள்.

ஏன் வேண்டாம் என்றாய் என்று மாமா கேட்டார். நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். அவரும் திருப்பிக் கேட்கவில்லை. கண்டக்டர் அல்லவா, யார் எங்கே இறங்குவார்கள் என்று முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வார்.

அந்த முட்டு சீக்கிரம் சாய்ந்துவிடும், உடனே கிளம்பி வாருங்கள் என்று எழுதலாமா என்றுகூட யோசித்தேன். ஒரு வரி எழுதியும்விட்டேன், அப்புறம் அடித்துவிட்டேன். மேலே கிறுக்கியிருப்பது அதுதான். உள்ளது இதுதான்: எத்தனை நாள் தாங்கும் என்று மேஸ்திரியிடம் கேட்டேன். முட்டு மரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "வருஷக்கணக்கா நிக்கும்மா, நீ நிம்மதியா தூங்கு" என்றார்.

ஆக, இந்த வீட்டைத் தாங்குவதற்காக நீங்கள் வர வேண்டியதில்லை. இந்த வீட்டுக்காக நீங்கள் அங்கே இருக்க வேண்டியதும் இல்லை. கூரையைக் கணக்கில் சேர்க்காமல், அந்தக் காகிதத்தை இன்னொரு தடவை எடுத்துப் படித்துப் பாருங்கள். உத்திர வேலையை மட்டும் நீங்கள் வீட்டில் இருக்கும் நாளுக்கு என்று தள்ளி வைத்திருக்கிறேன்.

எந்தப் பக்கம் முடிவு எடுத்தாலும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள், ஊருக்கெல்லாம் பரிமாறிவிட்டு ஆறினதைச் சாப்பிடாதீர்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டில் இருப்பவள்