கயிறு பிடித்த எயினனுக்கு மன்னிப்பு

கடல் செழிக்க, கலங்கள் கரை சேர்க. பவழத்துறை காவலனும் சுறாக்கொடி உயர்த்தியவனுமாகிய உதியன் சேந்தன், முத்துக்குளிக்கும் பொறையனின் மனையாளும் எயினனின் தமக்கையுமாகிய நங்கை வெண்ணிக்கு விடுக்கும் ஓலை. உன் துறையும் தோணியும் நலமே வாழ்க.

முதற்கண் அறிவாயாக: உன் கணவன் உயிருடன் இருக்கிறான். உன் தம்பியும் இருக்கிறான். இனி நிம்மதியாக மூச்சு விட்டு மீதியைக் கேள்.

கருந்தீவாரின் பன்னிரண்டு கலங்கள் நாற்பது நாளாக நம் துறைமுக வாயிலை அடைத்து, நெற்கப்பல் ஒன்றையும் உள்ளே விடாமல் நின்றதை நீ அறிவாய். அவற்றின் அடிமரத்தை நீருக்கடியில் துளையிடத் தாமாக முன்வந்த முத்துக்குளிப்போர் பன்னிருவரை உப்பங்கழியில் யாமே பழக்கினோம். பழக்கினோம் என்பது எம் வாய்க்கொழுப்பு, கற்றுக்கொண்டது யாம்தான்.

குளிப்பவனின் இடுப்புக் கயிற்றை அவன் மனைவியின் உடன்பிறந்தானே பிடிக்க வேண்டுமென்பது உங்கள் வழக்கம். போரில் மைத்துனன் எதற்கு என்று எள்ளி, திடகாத்திரமான வீரர்களிடம் கயிற்றைக் கொடுத்தோம். நூறு எண்ணும்வரை அடியில் இருக்கும் பொறையன் இருபதிலேயே மேலே வந்தான். கோழையென்று ஏசினோம். தன் அக்காளைக் கைம்பெண்ணாக்க எந்தத் தம்பிக்கும் மனம் வராது, வேற்றாள் கைக்கு அந்தப் பயம் ஏது என்று அவன் பணிவாக விண்ணப்பித்தபோது எமக்குச் சுருக்கென்றது. மறுநாளே மைத்துனர் பன்னிருவரையும் வரவழைத்தோம்.

பகைவர் காலைதோறும் நம் தோணிகளில் மீன் வாங்குவர். இன்று விடிந்ததும் மைத்துனர்கள் மீன் விற்பவராய்ப் போயினர். வலைக்குள் மறைத்த கயிறு ஒவ்வொருவன் கால்விரலிலும் சுற்றியிருந்தது. மேலே விலைபேச்சு, கீழே துளையிடல். ஒருவன் பதறினால் அனைவரும் பிடிபடுவர் என்பதால், என்ன நேர்ந்தாலும் தோணியை விட்டு இறங்குபவனின் தலை உருளும் என்று ஓலையில் ஆணையிட்டிருந்தோம்.

பன்னிரண்டாம் கலத்தடியில் ஒட்டியிருந்த சிப்பிகள் உன் கணவனின் கயிற்றை அறுத்துவிட்டன. கயிறு தளர்ந்த கணமே எயினன் மீன்கூடையோடு கடலில் விழுந்தான். விலை படியாத கோபத்தில் கால் தவறினான் என்றெண்ணிப் பகைவர் கைகொட்டிச் சிரித்தனர். அவனோ மயங்கிய பொறையனைத் தோணியின் மறுபக்கமாக ஏற்றி, வலைக்குள் சுருட்டி வைத்துவிட்டு, நனைந்த மீனுக்குப் பாதி விலையாவது தாருங்கள் என்று கேட்டானாம். அடடா, அந்த நெஞ்சழுத்தத்தை என்னென்பது!

உச்சிப்பொழுதுக்குள் பன்னிரண்டு கலங்களும் மூழ்கின. நெற்கப்பல்கள் உள்ளே நுழைந்துகொண்டிருக்கின்றன. இவ்வோலையை யாமே எழுதுகிறோம். எழுத்து கோணலாயிருப்பது மகிழ்ச்சியின் அவசரத்தால்.

ஆணை மீறிய எயினன் தலைகுனிந்து எம்முன் நின்றான். அந்தத் தலையைக் கொய்தால் நாளை எந்த மைத்துனன் கயிறு பிடிப்பான்? ஆணையோலையை அவன் கண்முன்னே முறித்துப் போட்டோம்.

குளிக்கப் போனவன் வீடு திரும்பும்வரை அவன் வீட்டு அடுப்பை மூட்டலாகாது என்பதும் உங்கள் வழக்கமாமே. ஆதலின் சுறா இலச்சினை பொறித்து இடும் ஆணை: இவ்வோலை கண்டவுடன் அடுப்பை மூட்டுக. நால்வருக்கு உலை வைக்க. கோழையென்று ஏசிய வாயால் உன் வாசலில் பொறையனிடம் மன்னிப்புக் கேட்க, அவ்விருவருடன் யாமும் வருகிறோம்.