பதினான்காம் படம்

ஜூலை 14, திங்கள்

காற்று. ஆடி பிறக்க இன்னும் மூன்று நாள் இருக்கிறது, அதற்குள் மண்ணை வாரி முகத்தில் அடிக்கிறது. திருப்பூர் நெருப்பெரிச்சலிலிருந்து பைக்கில் கல்லூரி வந்து சேர்வதற்குள் பாதி ரோடு கண்ணுக்குள்.

செய்ய வேண்டியவை:
– லேப் கோட் துவைக்க.
– கம்பெனியில் (இப்போது சனிக்கிழமை மட்டும்) 3-ம் நம்பர் மிஷினுக்கு ஊசி மாற்ற. சூப்பர்வைசர் இரண்டு தடவை போன்.
– ஓட்டம். நேற்றும் போகவில்லை. எஸ்.ஐ. தேர்வுக்கு டிகிரி மட்டும் போதாது, காலும் வேண்டும்.

இன்று முழுக்க எழுத்து வேலை. ஒரு பொருள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, எத்தனை மணிக்கு, எந்த உறையில் என்று நிரப்பும் தாள். இரண்டு மணி நேரம் இதற்கே. டிப்ளமோ முடித்து இரண்டு வருடம் நிட்டிங் மிஷினைக் கழற்றி மாட்டியவன் நான். குமாஸ்தா வேலைக்கா இந்தத் தடய அறிவியல் படிப்பில் சேர்ந்தேன்? கேட்டும் விட்டேன்.

உமா மேடம் (தடய அறிவியல் ஆய்வகத்தில் இருந்துவிட்டுப் பாடம் நடத்த வந்தவர்) கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே: "பிரபு, மிஷின் நின்னா சரி பண்ணி மறுபடி ஓட்டிப் பாக்கலாம். குற்றம் நடந்த இடத்த மறுபடி ஓட்டிப் பாக்க முடியாது. எழுதுங்க."

எழுதினேன். கடுப்புதான்.

வெள்ளிக்கிழமை பிராக்டிகல். பின்பக்கக் குடோனில் ஒரு பொய்க் கொலை. மூன்று பேருக்கு ஒரு டீம். அடுத்த திங்கள் வகுப்பிலேயே பொய்க் கோர்ட், பெற்றோர் வரலாம். இரண்டிலும் சேர்த்து முதலில் வரும் டீமுக்கு மாவட்டத் தடய அறிவியல் வண்டியோடு பதினைந்து நாள் பயிற்சி. கடிதமும் தருவார்கள்.

என் டீம்: கோகுல், வெள்ளகோவில்காரன், வாய் மூடாது. ஜெசிந்தா. அவள் அப்பா விளாத்திகுளம் பக்கத்திலிருந்து வந்த கட்டிங் மாஸ்டர். இவள் பகலில் கல்லூரி, சாயங்காலம் அவர் கம்பெனியிலேயே செக்கிங், தைத்த பனியனைப் பார்த்துப் பிசிறு வெட்டும் வேலை. இரண்டு பேரும் என்னைவிட நாலு வயது சின்னவர்கள். அண்ணா அண்ணா என்று கூப்பிட்டு என்னைக் கிழவனாக்கிவிட்டார்கள்.

கேண்டீனில் ஜெ.: "இந்த செமஸ்டரோட போதும், முழு ஷிஃப்ட்டு வந்துருன்னு அப்பா சொல்லிட்டாவ அண்ணா. போலீசு படிப்பு நமக்கு எதுக்குங்காவ. அந்த லெட்டர் மட்டும் கையில இருந்தா நான் பேசிருவேன்."

கோ.: "வாங்கீரலாம் வுடு. அண்ணன் இருக்கறாரில்ல, எட்டு மணி நேர ஷிஃப்ட்ட ரெண்டு மணி நேரத்துல முடிக்கற ஆளு."

நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.


ஜூலை 16, புதன்

லேப் கோட் துவைத்தாயிற்று. ஓட்டம் இல்லை.

இன்று பார்த்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வரிசையாக எழுதுகிறேன்.

குடோனில் முன்பு யாரோ நிட்டிங் ஓட்டியிருக்கிறார்கள். காலி செய்தும் தரையெல்லாம் பஞ்சுத் தூசி. மேடம் எங்களை வாசலிலேயே நிறுத்தினார். "என்ன தெரியுது?" தரை தெரிந்தது. தூசி தெரிந்தது. "ஒண்ணுமில்லீங்க" என்றேன்.

ஷட்டரை இறக்கச் சொன்னார். டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்தார்.

தரை முழுக்க ஆட்கள். அதாவது கால்கள். குதிகால் தேய்ந்த ஒரு செருப்பு. அகலமான ஒரு வெறுங்கால், பெருவிரல் விலகியது. ஏதோ பாரத்தை இழுத்துப் போன இரண்டு கோடு. குறுக்கே ஒரு பூனை. ஒவ்வொரு தடத்துக்கும் ஓரத்தில் நிழல் விழுந்து, இப்போதுதான் யாரோ எழுந்து போன மாதிரி.

"மேல இருந்து பஞ்சு விழுந்துக்கிட்டே இருக்கும். எந்தத் தடத்துக்கு மேல எவ்வளவு விழுந்திருக்குன்னு பாத்தா, யாரு முன்னால போனா, யாரு பின்னால போனான்னு சொல்லலாம்."

எல்லாரும் வாசலிலேயே குந்திப் பார்த்தோம். கோ. கூட.

இரண்டு வருடம் இந்தப் பஞ்சைத்தான் தினமும் கம்ப்ரசர் காற்றால் ஊதித் தள்ளினேன். எரிச்சலோடு. இதில் எழுத்து இருக்கிறது என்று ஒரு நாளும் தெரியவில்லை. மயிர்க்கூச்செறிந்தது என்று கதையில் எழுதுவார்கள். நிஜமாகவே ஆனது, முழங்கை வரை.


ஜூலை 18, வெள்ளி

காற்று, லேசான தூறல். காலையில் இட்லி இரண்டு. கையுறை, இடுக்கி, உறைகள், அடிக்கோல் எல்லாம் சரி பார்த்துக்கொண்டு போனேன்.

வேலைப் பிரிவு: ஜெ. படமும் வரைபடமும். கோ. அளவு. நான் பொருள் சேகரிப்பு. ஒன்றை எடுப்பதற்கு முன் ஒரு படம், எடுத்த பின் ஒரு படம்.

தரையில் பொம்மை. பக்கத்தில் உடைந்த தம்ளர், ஒரு சாவி, சிகரெட் துண்டு. ஜன்னல் கம்பியில் சாம்பல் நிற பனியன் ஒன்று. எட்டுப் பொருள், எட்டு உறை. நாற்பத்தெட்டு நிமிடத்தில் முடித்தோம். மற்ற டீம்கள் ஒரு மணி நேரம் தாண்டின. கோ. என் முதுகில் தட்டினான். வாங்கிவிட்டோம் என்றே நினைத்தேன்.

மூன்று மணிக்குக் கேண்டீன். ஜெ. கேமராவில் படங்களை வரிசையாகக் காட்டிக்கொண்டு வந்தாள். ஒரு படத்தில் நிறுத்தினாள்.

படம் 14: கம்பியில் பனியன். கை மடிப்பில் ஒரு பச்சை நூல் தொங்குகிறது, நாலு விரற்கடை.
படம் 15: நான் எடுத்து வெள்ளைத்தாள் மேல் விரித்தது. நூல் இல்லை.

பனியன் முழுக்கச் சாம்பல் நூல். அந்தப் பச்சைக்கு அங்கே வேலையே இல்லை. மேடம் வேண்டுமென்று வைத்தது. கொலைகாரனோடது. மொத்தப் பிராக்டிகலும் அந்த நாலு விரற்கடைதான்.

எங்கே போனது? என் கைக்குத்தான் தெரியும். பனியனைக் கம்பியிலிருந்து எடுத்தேன். ஒரு உதறு. கை மடிப்பைத் திருப்பி, பிசிறைச் சுண்டி ஒரு இழு. திருப்பூரில் எந்தக் கம்பெனியில் பனியனைக் கையில் எடுத்தாலும் முதலில் செய்கிற வேலை. கையுறை மாட்டிக்கொண்டு, சான்றுப் பொருள் என்று தெரிந்துகொண்டு, செய்திருக்கிறேன். செய்தது நினைவிலும் இல்லை.

கோ. குரலை இறக்கினான்: "ஏனுங்ணா, பதினாலத் தூக்கீட்டாப் போச்சு. பதினஞ்ச பதினாலுன்னு போட்டுக்கலாம். ஆருக்குத் தெரியப்போவுது?"

நான் ஜெ.விடம்: "அழிச்சிரு. உனக்காகத்தான் சொல்றேன்."

அப்போது அது நல்ல மனசு என்று வேறு தோன்றியது.

"எனக்காக ஒண்ணும் வேண்டாம். படம் நான் எடுத்தது." கேமராவை மூடினாள். என் கையைப் பார்த்தாள். பிறகு: "கழட்டுன கையுறை எங்க?"

அதுவும் உறையில். சீல் வைத்தது. திங்களன்று நான் திட்டின அதே தாள் சொன்னபடி.

"பிசிறு தரைக்குப் போவாதுண்ணா. நம்ம மேலதான் ஒட்டும். தெனமும் ஒரு சீலை நெய்யுத அளவுக்கு வீட்டுக்குக் கொண்டுபோறேன்லா."

நேரே மேடம் அறைக்குப் போனாள். பின்னால் நாங்கள். "மேம், கையுறை உறையைப் பிரிக்கணும். பனியன்ல இருந்த ஒரு நூல நாங்க தொலைச்சிட்டோம்." நாங்க என்றாள். மேடம் மணி பார்த்து எழுதி, கையெழுத்துப் போட்டார்.

வெள்ளைத்தாள் மேல் பிரித்தோம். வலது கையுறை, மணிக்கட்டு மடிப்பு. பச்சை நூல்.

ஜெ. புது உறை எடுத்தாள். பனியன் உறையில் சேர்க்கவில்லை. எழுதினாள்:
பொருள் 9. நூல், பச்சை. எடுத்த இடம்: சேகரித்தவரின் வலது கையுறை. முன்பு பனியனில் இருந்ததற்கு ஆதாரம்: படம் 14 மட்டும்.

என் பிழை, அவள் எழுத்து. கீழே கையெழுத்து நான் போட்டேன்.


ஜூலை 19, சனி

3-ம் நம்பர் மிஷின், ஊசி மாற்றியாயிற்று. துணி சுத்தமாக இறங்குகிறது.

வேலையில் மூன்று தடவை கை பிசிறுக்குப் போனது. மூன்று தடவையும் பிடுங்கிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. விரலில் நூலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பீகார் பையன் ராஜு சிரித்தான்: "பிரபு பாய், தாகா மே க்யா தேக் ரஹே ஹோ?" நூலில் என்ன பார்க்கிறாய் என்கிறான். சொல்ல இந்தியும் பத்தவில்லை, தமிழும் பத்தாது.

குண்டடத்திலிருந்து அம்மா போன். வெங்காயம் அழுகுகிறதாம். திங்கள் என்ன பரீட்சை என்றாள். கோர்ட் என்றேன். பயந்துவிட்டாள். விளக்க அரை மணி நேரம்.


ஜூலை 21, திங்கள்

டெஸ்கை இழுத்துப் போட்டுக் கூண்டு. மேடம் நீதிபதி. எங்களுக்கு எதிராக வாதாட இன்னொரு டீம். பெற்றோர் ஆறேழு பேர் கடைசி பெஞ்சில். ஜெ. அப்பா கம்பெனியிலிருந்து அப்படியே வந்திருந்தார், சட்டைப் பையில் துணியில் கோடு போடும் சாக்பீஸ்.

முதலில் நான்.

"பனியனிலிருந்து நூலை எடுத்தது யாரு?"
"நான்."
"எதால எடுத்தீங்க? இடுக்கியா?"
"கையால. பிடுங்கினேன்."
"எதுக்கு?"
"பழக்கம்."

வகுப்பே சிரித்தது. கடைசி பெஞ்ச் சிரிக்கவில்லை. அங்கே எல்லாரும் பனியன் கம்பெனி ஆட்கள்.

அடுத்து ஜெ. கால் மணி நேரம் நிற்க வைத்துக் குடைந்தார்கள். நேரம், தூரம், வெளிச்சம், வரிசை. தாளைப் பார்க்காமல் பதில். தெரியாததற்கு "தெரியாது". கடைசியில் எதிரணி வக்கீல் நக்கலாக: "உங்க டீம் செஞ்ச தப்ப நீங்களே படம் புடிச்சுக் கொண்டாந்திருக்கீங்க. உங்களுக்கு எதிரான படம்னு தெரியுமில்ல? ஏன் அழிக்கல?"

"எதிரா, ஆதரவான்னு பாத்து எடுக்கல. அங்க இருந்துச்சு. எடுத்தேன்."

அவ்வளவுதான். குரல்கூட உயரவில்லை. கேள்வி கேட்டவன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், அதில் அடுத்த கேள்வி இல்லை. பத்தொன்பது வயசுப் பெண், டெஸ்க் நடுவே, மண் பறக்கிற வகுப்பில். எனக்கு எழுந்து நிற்கணும் போல இருந்தது.

தீர்ப்பு: பொருள் 9 சான்றாக ஏற்கப்படவில்லை. மேடம் நியாயம்தான் சொன்னார். கையுறையில் கிடைத்த நூலும் படத்தில் இருக்கும் நூலும் ஒன்றுதான் என்று அடித்துச் சொல்ல ஆளில்லை. எதிரணி முதலிடம். வண்டி, கடிதம் எல்லாம் அவர்களுக்கு. நாங்கள் இரண்டாவது. இரண்டாவதுக்கு ஒன்றும் கிடையாது.

ஜெ. அழவில்லை. மணி பார்த்தாள். ஐந்துக்குள் கம்பெனி போகணும்.

பைக் ஸ்டாண்டில் அவள் அப்பா என்னிடம் வந்தார். திட்டுவார் என்று நின்றேன்.

"தம்பி, நூலப் புடுங்குன ஆளு நீங்கதான?"
"ஆமாங்க."
"கம்பெனியில எத்தன வருசம்?"
"ரெண்டுங்க."
"எனக்கு இருவத்திரெண்டு. நானும் புடுங்கியிருப்பேன்." கொஞ்சம் நிறுத்தி, ஜெ. நின்ற பக்கம் பார்த்தார். "எம்மவளுக்குப் பொழப்பே பிசிறு வெட்டுதது. உங்களுக்கு முன்னால அவதான அந்தப் பனியன் கிட்டக்க போயிருக்கா? அவ கை போகலியே, பாத்தியளா."

பார்க்கவில்லை. மூன்று நாளாக என் பிழையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் செய்யாததைப் பார்க்கவே இல்லை.

கிளம்பும்போது, யாரிடமோ கேட்பதுபோல: "அடுத்த செமஸ்டரு எப்பம் தொடங்குது?"
"டிசம்பருங்க."
"ம்." சாக்பீஸை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி பையில் போட்டார். "அப்பம் செக்கிங்குக்கு வேற ஆளு பாக்கச் சொல்லணும்."


ஜூலை 22, செவ்வாய்

காற்று குறைவு. ஓடினேன், ஐந்து சுற்று.

ஜெ. முதல் பெஞ்சில், நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். கேட்டே விட்டேன். நூல் கண் முன்னால் தொங்குது, தினமும் ஆயிரம் பிசிறு வெட்டுகிற கை, எப்படி அடக்கினாய்?

"எங்க அடக்குனேன்! அரிச்சுது அண்ணா. அதாம் ரெண்டு கையாலயும் கேமராவப் புடிச்சுக்கிட்டேன்."