அந்தக் கடிகாரக் கணக்கை விட முடியவில்லை, மாமா

என் ஆசை மாமாவுக்கு,

ஊர் முன்னால் "நீங்க", வீட்டுக்குள் "நீ". அப்படித்தான் உன்னைக் கூப்பிட்டுப் பழக்கம். இந்தக் கடிதத்தை நாலு பேர் படிப்பார்கள் என்று நம் மகள் பாப்பா சொன்னாள். படிக்கட்டும். நீ என்றே எழுதுகிறேன். எழுத்துப் பிழையை அவள் திருத்துவாள், நீ சிரிக்காதே.

ரிசல்ட் வந்துவிட்டது. என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று குதிக்காதே. முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும்.

குடிதண்ணீர் வால்வைத் திறக்கப் போன இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். அதோடு போய்விட்டாய். காரியமெல்லாம் முடிந்த பிறகு உன் ஆபீசில் என்னைக் கூப்பிட்டார்கள். வேலையில் இருக்கும்போதே இறந்ததால் வீட்டில் ஒருத்தருக்கு வேலை உண்டு, மனைவிக்கு அல்லது பிள்ளைக்கு, ஆனால் எட்டாவது பாஸ் பண்ணியிருக்க வேண்டும் என்றார்கள். நான் ஏழாவதோடு நின்றவள். நம் பாப்பா அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள்.

உன் அண்ணன் பெரிய மாமா அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டார். "பாப்பா பன்னெண்டாவது முடிச்சிடட்டும், பதினெட்டும் ஆயிடும். அதுக்கே வேலைய வாங்கிடலாம். காலேஜி எங்கயும் ஓடிப்போவாது, வேலைதான் ஓடிப்போவும்" என்றார். பாப்பா கதவுக்குப் பின்னால் நின்றாள். அழவில்லை. நகத்தைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"நான் எட்டாவது எழுதறேன் மாமா" என்று சொல்லிவிட்டேன். எங்கிருந்து வந்தது அந்தப் பேச்சு? எனக்கே தெரியாது.

பெரிய மாமா சிரித்தார். "இந்த வயசுலயா? சரி, எழுது. பாப்பா காலேஜி சேர்றதுக்குள்ள பாஸ் பண்ணிடு. இல்லன்னா நான் சொல்றதுதான். அப்புறம் பேச்சு மாறக்கூடாது அஞ்சல."

"சரி" என்றேன். அவ்வளவுதான் பேச்சு, மாமா. என் பரீட்சையில் பாப்பாவின் படிப்பு தொங்கியது.

தமிழ், அறிவியல், சமூகம் எல்லாம் அடுப்பு வேலையோடு வேலையாக மனப்பாடம் பண்ணிவிட்டேன். ஆங்கிலத்தைக் கூட எப்படியோ சமாளித்தேன். கணக்குதான் பேஜாரு. அதிலும் வேகமாக ஓடுகிற கடிகாரம், மெதுவாக ஓடுகிற கடிகாரம் என்று ஒரு வகைக் கணக்கு இருக்கிறதே, அதற்கு நீதான் பொறுப்பு.

நம் வீட்டுக் கடிகாரம் உன் புண்ணியத்தில் எப்போதும் பத்து நிமிடம் முன்னால் இருக்கும். தண்ணீர் விட லேட் ஆனால் குழாயடியில் பெண்கள் உன் பரம்பரையையே இழுப்பார்கள் என்று நீதான் முள்ளைத் தள்ளி வைத்தாய். அது ஆறு பத்து காட்டினால் ஆறு மணி. ஒன்பது பத்து காட்டினால் ஒன்பது. இருபது வருஷமாக எனக்குத் தெரிந்த வேகமான கடிகாரம் அது ஒன்றுதான்.

பாப்பா ஒரு கணக்குக் கொடுத்தாள். ஒரு கடிகாரம் மணிக்கு ஐந்து நிமிடம் வேகமாக ஓடுகிறது. காலை ஆறு மணிக்குச் சரியாக வைத்தார்கள். உண்மையில் பகல் பன்னிரண்டு ஆகும்போது அது என்ன காட்டும்? நான் யோசிக்கவே இல்லை. பன்னிரண்டு ஐந்து என்று எழுதினேன்.

"எப்பிடிம்மா?"

"அஞ்சு நிமிஷம் வேகம்னா அஞ்சு நிமிஷம் முன்னாடி இருக்கும். இதுல இன்னா இருக்குது?"

"அது நம்ம வூட்டு கடியாரம்மா. அப்பா முன்னாடி தள்ளி வெச்சது. அது வேகமா ஓடல, சரியாத்தான் ஓடுது. இது ஓடறதே வேகம். ஏழு மணிக்கு அஞ்சு நிமிஷம், எட்டு மணிக்குப் பத்து நிமிஷம், ஏறிக்கினே போவும். பன்னெண்டுக்கு அர மணி நேரம்."

"ஏறிக்கினே போனா அந்தக் கடியாரத்த வெச்சிக்கினு எவன்டி வேலைக்குப் போவான்? கழட்டி ரிப்பேருக்குக் குடுக்க வேணாமா?"

"அம்மா, கடியாரத்த ரிப்பேர் பண்ணச் சொல்லி கேள்வி கேக்கல."

இப்படியே எத்தனை நாள்! தலையை ஆட்டுவேன், அடுத்த கணக்கில் மறுபடியும் அதே ஐந்து நிமிடம்தான் எழுதுவேன். ஒருநாள் அவள் பேனாவை விட்டெறிந்துவிட்டு வெளியே போய் நின்றாள். "பெரியப்பா சொன்ன மாதிரி நானே வேலைக்குப் போறேன், நீ நிம்மதியா இரு" என்றாள். அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். கோபமே இல்லை.

அது எப்போது புரிந்தது என்று சொல்லட்டுமா? உன் சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தேன். நீ போன புதிதில், இந்தத் துக்கம் ஒரு அளவு, இதைச் சுமந்துகொண்டு நடந்து பழகிவிடலாம் என்று நினைத்திருந்தேன். உன் பத்து நிமிடம் மாதிரி. அப்படி இல்லையே. கேஸ் சிலிண்டரைத் தூக்கும்போது ஒரு துண்டு சேர்கிறது. பாப்பா பரீட்சைக்குக் கிளம்பும்போது ஒரு துண்டு. யாரோ உன் குரலில் இருமினால் ஒரு துண்டு. ஏறிக்கொண்டே போகிறது. சட்டையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன். "பாப்பா, அந்தக் கணக்கக் குடு" என்றேன். பன்னிரண்டரை என்று சரியாக எழுதினேன். எப்படி வந்தது என்று அவள் கேட்டாள். நான் சொல்லவில்லை.

பள்ளிக்கூடம் போகாமல் தனியாக எழுதுகிறவர்களுக்குப் பரீட்சை விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில். கணக்குப் பரீட்சை அன்று பாப்பாவும் கூட வந்தாள். திண்டிவனத்தில் பஸ் ஏறியபோது நேரம் நிறைய இருந்தது. விக்கிரவாண்டி டோல்கேட்டுக்கு முன்னாலேயே வண்டி நின்றுவிட்டது. எங்கே பார்த்தாலும் கரும்பு லாரி. பாப்பா போனைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள், நேரத்தை மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறாள். நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"யக்கா, நீ எழுந்து நின்னா வண்டி ஜல்தியா போவாது, உக்காரு" என்றார் கண்டக்டர்.

"பரீட்சைக்கு நேரமாவுதுப்பா."

"பொண்ணு எழுதப் போவுதா?"

"நான்தாம்பா."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு டிரைவரைப் பார்த்துக் கத்தினார். "அண்ணே, யக்கா பரீட்ச எழுதப் போவுது! சந்து கெடச்சா பூந்துடுண்ணே!" பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பக்கத்து சீட்டு அம்மா, "எந்த க்ளாஸுமா?" என்றாள். எட்டாவது என்றேன். "எம் பேரனும் எட்டாவதுதான். படிக்கவே மாட்டேன்றான், நீ வந்து சொல்லேன்" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஸ்டாண்டில் இறங்கி ஓடினோம் மாமா. புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டில் ஓடினேன். கேட்டைச் சாத்தப் போன வாட்ச்மேன் பாப்பாவை உள்ளே விடப் பார்த்தார். "எழுதறது அது இல்லீங்க, நானு" என்று நுழைந்துவிட்டேன். வெளியிலிருந்து பாப்பா கத்தினாள். "அம்மா, தெரியாதத விட்டுட்டுப் போ! தெரிஞ்சத மொதல்ல போடு!"

அதைத்தான் நான் செய்யவில்லை.

முதல் பக்கத்தில் நாலைந்து கணக்குப் போட்டேன். பக்கத்தைத் திருப்பினால் அது உட்கார்ந்திருக்கிறது. ஒரு கடிகாரம் மணிக்கு ஐந்து நிமிடம் மெதுவாக ஓடுகிறது. காலை ஆறு மணிக்குச் சரியாக வைக்கப்பட்டது. மாலையில் அது ஐந்து மணி காட்டும்போது சரியான நேரம் என்ன?

பதினொரு மணி நேரம், மணிக்கு ஐந்து நிமிடம், மொத்தம் ஐம்பத்தைந்து. ஆக, ஐந்து ஐம்பத்தைந்து என்று எழுதினேன். அப்புறம் ஒரு சந்தேகம். அந்தப் பதினொரு மணி நேரமே அந்த ஓட்டைக் கடிகாரம் சொன்னதுதானே? அதன் பேச்சை நம்பி எப்படிக் கணக்குப் போடுவது? அடித்தேன். மறுபடி போட்டேன். மறுபடி அடித்தேன்.

குறுக்கு வழி எதுவும் நினைவுக்கு வரவில்லை. ஒவ்வொரு மணியாக எழுத ஆரம்பித்தேன். உண்மையில் ஏழு ஆனால் இதில் ஆறு ஐம்பத்தைந்து. எட்டு ஆனால் ஏழு ஐம்பது. ஒன்பது ஆனால் எட்டே முக்கால். அப்படியே படி இறங்குகிற மாதிரி இறங்கிப் போனேன். உண்மையில் ஐந்து ஆகும்போது இது நாலு மணி ஐந்து நிமிடத்தில் நொண்டிக்கொண்டு நிற்கிறது. ஆறு ஆகும்போது சரியாக ஐந்து. மாமா, ஆறு! விடை ஆறு மணி! பக்கத்து பெஞ்சுப் பையன் திரும்பிப் பார்த்தான். வாயை விட்டுச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

"அம்மா, கொஞ்ச நேரந்தான் இருக்கு, எழுதுங்க" என்றார் மேற்பார்வைக்கு நின்ற சார். அப்போதுதான் மீதித் தாளைப் பார்த்தேன். எனக்கு நன்றாகத் தெரிந்த வட்டிக் கணக்கு, பரப்பளவுக் கணக்கு எல்லாம் தொடாமல் கிடந்தது. ஒன்றை ஆரம்பித்தேன். பாதியில் பெல் அடித்துவிட்டது.

வெளியே வந்து சொன்னதும் பாப்பா தலையில் கை வைத்துக்கொண்டாள். "அது ரெண்டு வரிக் கணக்குமா. இதுல அம்பத்தஞ்சு ஓடினா நெசத்துல அறுவது. அத வெச்சே போட்டுடலாம். ஏம்மா அதப் புடிச்சிக்கினு உக்காந்த? விட்டுட்டு வந்திருக்கலாம் இல்ல?"

ஏன் விடவில்லை? உனக்குத் தெரியுமா மாமா?

நேற்று ரிசல்ட் வந்தது. மற்ற எல்லாவற்றிலும் பாஸ். கணக்கில் மூன்று மார்க் குறைவு.

சேதி கேட்ட கையோடு பெரிய மாமா வந்துவிட்டார். பாப்பா பேரில் கொடுக்க வேண்டிய மனுவைக் கையோடு கொண்டுவந்திருந்தார். பாப்பாவுக்குக் காலேஜில் சேரக் கடைசி நாள் இன்றைக்கு. அதுவும் அவருக்குத் தெரியும்.

"பேச்சுன்னா பேச்சுதான அஞ்சல? கையெழுத்துப் போடச் சொல்லு."

"இன்னொரு தரம் எழுதறேன் மாமா. மனு குடுக்க இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல கெடு இருக்குதுன்னு ஆபீஸ்ல சொன்னாங்க."

"எத்தினி தரம் எழுதுவ?"

"பாஸ் ஆவுற வரைக்கும்."

"அது வரைக்கும் சோத்துக்கு?"

"மல்லாட்ட ஒடைச்சிக் கடல பிரிக்கிற கூலிக்குப் போறேன். இப்ப மட்டும் யாரு போடறாங்க சோறு?"

அவர் முகம் சிவந்துவிட்டது. "எந் தம்பி இருந்தா நீ இப்பிடி எதுத்துப் பேச மாட்ட."

"அவரு இருந்தா இந்தப் பரீட்சையே இல்லியே மாமா."

அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனுவை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார், கிழிக்கவில்லை. "ஒரே ஒரு தரம். அப்பவும் ஆவலன்னா நானே பாப்பாவ இட்டுக்கினு போயி கையெழுத்துப் போட வெப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். பேச்சு தவறியது நான்தான். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரும் உன்னைத்தான் நினைத்துக்கொண்டு அலைகிறார்.

இன்று காலை பாப்பாவை விழுப்புரத்துக்குக் கூட்டிப்போய்க் காலேஜில் சேர்த்துவிட்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்துகொண்டு சொன்னாள். "அடுத்த தரம் கடியாரம் வந்தா கண்ண மூடிக்கினு பக்கத்தத் திருப்பிடும்மா."

கண்ணை மூட மாட்டேன். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன் மாமா. வட்டியைப் போடுவேன், பரப்பளவைப் போடுவேன், பாஸ் ஆகிற அளவுக்குப் போட்டு முடித்த பிறகுதான் அந்தக் கடிகாரத்துக்கு வருவேன். அது வரைக்கும் அது எவ்வளவு மெதுவாக வேண்டுமானாலும் ஓடட்டும். பெரிய மாமா பையில் இருக்கிற அந்தத் தாளில் நம் பாப்பாவின் கையெழுத்து விழாது.

இப்படிக்கு,
உன் அக்கா மகளும் உன் பெண்டாட்டியுமான
அஞ்சலை