பல் முளைக்கிற காய்ச்சல்

ஐப்பசி 3, திங்கள்
விடிந்ததிலிருந்து மழை. துணி ஒன்றும் காயவில்லை. ஊவா மாகாண யாத்திரை வழிகாட்டிப் புத்தகத்தை இந்த வாரம் அச்சுக்கு அனுப்பியாக வேண்டும். எழுதுவது நான், அட்டையில் பெயர் வீட்டுக்காரர் இவருடையது. பதுளை வரைக்கும் ரயில் வந்துவிட்டது, இனி மாமனாரின் விடுதிக்கு ஆள் வரவேண்டும், அதற்குத்தான் புத்தகம்.

முடிந்தவை: துன்ஹிந்த அருவி, விகாரை, கடைவீதி.
பாக்கி: தேயிலை, நெல், பண்டாரவளைக் காய்கறி, சீதோஷ்ணம்.

விளம்பரம் தந்த புடவைக்கடைக்காரர் தம் கடையைப் புராதன இடங்களில் சேர்க்கச் சொல்கிறார். கடை திறந்தே எட்டு வருஷம்தான்.

மூன்று மணிக்குப் பாப்பாவுக்கு நடுக்கம். பிறகு உடம்பு நெருப்பு. மாமா எட்டிப் பார்த்து, பல் முளைக்கிறது என்றார். எட்டுப் பல் முளைத்தபோது இப்படி இல்லையே.

4, செவ்வாய்
காய்ச்சல் இல்லை. கஞ்சி குடித்தாள். தேயிலை அத்தியாயம் முடிந்தது. கொழுந்து பறிக்கிறவர்களின் லய வீடுகள் ஒழுகுவதைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன். இவர் அடித்துவிட்டார். நமுனுகுல மலைக்காட்சி போதுமாம்.

5, புதன்
அதே மூன்று மணி. அதே நடுக்கம். ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிற முறைக்காய்ச்சலேதான். டாக்டர் கொயினா கொடுத்தார், கொசுவலைக்குள் படுக்கவைக்கச் சொன்னார். இருப்பது ஒரே வலை, விடுதியின் பெரிய அறையில். கேட்டேன். நாளை திருச்சியிலிருந்து கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் வருகிறது, கழற்றக் கூடாது என்றார் மாமா.

"காய்ச்சலே இல்லாத ஊருன்னு வர்றவங்ககிட்ட சொல்றீங்களே, அப்புறம் வலை எதுக்கு மாமா?"

"அது மரியாதைக்குக் கட்டுனது. காலேஜ் படிச்ச மருமகளுக்கு எல்லாத்துலயும் கேள்வி."

சாயங்காலம் சீதோஷ்ணப் பக்கம். இவர் சொல்லச் சொல்ல எழுதினேன்: "பதுளையில் காய்ச்சல் என்ற பேச்சே கிடையாது." இடக்கை பாப்பாவின் நெற்றியில்.

6, வியாழன்
தூறல். திருச்சி அம்மாள் வந்தாயிற்று. மடியில் ஐந்து மாதப் பிள்ளை. பாப்பா ஏன் இப்படி வாடிக் கிடக்கிறாள் என்று கேட்டாள். மாமா முந்திக்கொண்டு பல் கதையைச் சொன்னார். அவள் அவரை விட்டு என்னைப் பார்த்தாள்.

"முறைக்காய்ச்சலுங்க. நாளைக்கு மூணு மணிக்குத் திரும்ப வரும். நீங்க வலையை விட்டு வெளிய படுக்காதீங்க."

மாமா செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே போனார். அவள் மூட்டை கட்டுவாள் என்று நினைத்தேன். கட்டிலில் நகர்ந்து இடம் விட்டாள்.

"உங்க புள்ளையையும் கொண்டாங்க. இவ்வளவு பெரிய வலை."

7, வெள்ளி
மூன்று மணிக்கு வந்தது. நடுக்கம் குறைவு. கொயினா கேட்கிறது போலும். சீதோஷ்ணப் பக்கத்தில் அந்த வரியை அடித்து, கொசுவலையும் கொயினாவும் கொண்டுவரவும் என்று எழுதி, இவர் கையிலேயே கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். கிழிப்பார் என்றிருந்தேன். பேனாவை எடுத்துக் கீழே ஒரு வரி சேர்த்தார்: "கொசுவலைகள் எங்கள் விடுதியிலேயே கிடைக்கும்."

எப்போது வாங்குவீர்கள் என்று கேட்டேன்.

புத்தகம் விற்ற பிறகாம்.