நட கண்ணு

அன்பு மகளுக்கு,

ஏரிக்கரையில் சுற்றுலா வருபவர்களை ஏற்றிச் செல்லும் நம் குதிரை இப்போது வழியில் நிற்பதே இல்லை. உன் அக்கா வீட்டு மாப்பிள்ளை பெங்களூரிலிருந்து ஷாக் அடிக்கும் கோல் ஒன்று வாங்கி வந்திருக்கிறார். அதில் பலன் இருக்கிறது என்பதை நான் மறுக்க முடியாது.

ஆனால் ஒவ்வொரு முறையும் "நட கண்ணு" என்று சொல்லிவிட்டுத்தான் அதை விலாவில் வைக்கிறார். நேற்று பக்கத்து வீட்டு செல்வமேரி தன் மகனை, "கண்ணு, சாப்பிட வா சாமி" என்று கூப்பிட்டாள். குதிரை உதைத்ததில் லாயத்துக் கதவு பிளந்துவிட்டது. தற்செயலாக இருக்கலாம் என்று, நான் தள்ளி நின்று அந்தச் சொல்லை மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். சுவரோடு ஒண்டி நடுங்கியது.

மாப்பிள்ளையிடம் தயங்கித்தான் சொன்னேன். "ஏனுங்க மாமா, ரிட்டயர் ஆனப்புறம் குதிரைக்குப் பாடம் நடத்தறீங்களா? நம்ம சோறு அதும் முதுகுலதாங்க இருக்குது" என்று சிரித்தார். அவர் வீட்டில் இருந்துகொண்டு அதற்கு மேல் என்ன பேச? கோலைத் துடைத்து வைக்கச் சொன்னார், வைத்தேன்.

ஞாயிறன்று குழந்தையோடு வருகிறாய். லாயத்தை ஒட்டித்தான் வீட்டுக்குள் வர வேண்டும். அங்கே அவனைக் கண்ணு என்று கூப்பிடாதே அம்மா. ஞானஸ்நானப் பெயரையே சொல்.

இந்தக் கடிதத்தையும் வழக்கம்போல் அந்தச் சொல்லில்தான் தொடங்க நினைத்தேன். எழுத வரவில்லை.

உன் அப்பா