சூல் பயிரும் எட்டடிப் பாதையும்

என் உடன்பிறப்பே, சரோஜா அக்கா,

உன் கவிதையைப் பள்ளிக்கூடச் சுவரில் எழுதிவிட்டார்கள். நீலப் பெயிண்டில், கீழே உன் பெயரும் போட்டு. வயல் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்துக்கொண்டுதான் போகிறேன். சந்தோஷப்பட வேண்டும். ஆனால் எனக்கு அலுப்பாக இருக்கிறது, அக்கா.

நாற்று நடும் கைக்குத் தெரியும்
நாளை என்பது எத்தனை நாள் என்று.
பொறு மனமே, பொறு;
பொறுத்த மண்ணில்தான் கதிர் முற்றும்.

இதை நீ எந்தச் சாயங்காலம் எழுதினாய் என்று சுவரில் போடவில்லை. எனக்குத் தெரியும். நம் தெருவிலிருந்து சுடுகாட்டுக்குப் போகும் பாதையை அளக்க சர்வேயர் வந்து, அளக்காமல் திரும்பிப் போன அன்றைக்குத்தான் எழுதினாய்.

அந்தப் பாதை வரைபடத்தில் இருந்தது. தரையில் இல்லை. மிராசு வீட்டு வயல் வருஷத்துக்கு ஒரு முழம் நகர்ந்து அதை விழுங்கிவிட்டது. நீயும் நானும் மனு கொடுத்து எத்தனை செருப்புத் தேய்ந்தது! ஆட்சி மாறியது, கரைவேட்டியின் கரை மாறியது. ஒருவர் வந்தபோது டிவி வந்தது, இன்னொருவர் வந்தபோது மிக்ஸி வந்தது. பாதை மட்டும் வரவில்லை. 'பொறுத்தார் பூமி ஆள்வார்' என்று ஒரு அதிகாரி நமக்கே சொன்னார், நினைவிருக்கிறதா? பூமியை யார் கேட்டது? பாடை போக எட்டடி கேட்டோம்.

கடைசியில் ஒரு கார்த்திகை மாதம் சர்வேயர் அளவுச் சங்கிலியோடு வந்தே விட்டார். வரப்பில் நின்று வயலைப் பார்த்தார்.

"நடுவுல போயி கல்லு ஊனணும்மா. எறங்கலாமா?"

நான் புடவையைத் தூக்கிச் செருகிவிட்டேன். நீ என் கையைப் பிடித்து நிறுத்தினாய்.

"சூலா நிக்குது சார். இப்ப போயி மிதிக்கிறதா? அறுத்ததும் வாங்க. இத்தன வருசம் பொறுத்தோம், ரெண்டு மாசம் பொறுக்க மாட்டமா?"

உன்னைக் குற்றம் சொல்லவில்லை. அன்று தெருவே தலையாட்டியது, நானும் சேர்த்துத்தான். யார் வயலானால் என்ன, கதிரை வயிற்றில் வைத்துப் பொதி கட்டி நிற்கும் பயிரில் கால் வைக்க நமக்கு வராது. வயல் வைத்திருப்பவனுக்குக்கூட அவ்வளவு கூச்சம் இருந்திருக்காது. நட்டவர்கள் நாம்தானே. சர்வேயர் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு போனார். தையில் அவருக்கு மாற்றல் வந்துவிட்டது. கோப்பு எங்கே போனதோ தெரியவில்லை.

அதைக்கூட நீ பார்க்கவில்லை. மார்கழியில் காய்ச்சலில் போய்விட்டாய். பயிர் அப்போதும் நின்றது. "வயல்ல எறங்கிருவோம்" என்றார்கள் தூக்கியவர்கள். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "வேணாம்ப்பா, எம் பொண்டாட்டி சொன்ன சொல்லு" என்றார். அதனால் வாய்க்காலில் இறங்கினார்கள். மார்பளவு தண்ணீர். உன் கோடித்துணியின் முனை நனைந்து, தண்ணீரில் இழுபட்டுக்கொண்டே போனதைக் கரையிலிருந்து பார்த்தேன். நீ செத்ததற்கு அழுததைவிட அதற்குத்தான் அதிகம் அழுதேன். அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. யார் மேல் என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியவில்லை.

ஏழு வருஷம் ஓடிவிட்டது. என் முழங்கால் நடவுக்கு வளைய மாட்டேன் என்கிறது. மாமா படுத்த படுக்கை. போன வாரம் கஞ்சி கொடுக்கும்போது மெல்லக் கேட்டார்: "வசந்தா, என்னையும் வாய்க்கால்லதான் தூக்கிட்டுப் போவீங்களா?" அவர் வாயைத் துடைத்துவிட்டு, கஞ்சியைத் தள்ளி வைத்தேன். நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

இப்போது சேதிக்கு வருகிறேன். மறுபடி மனு போட்டு, மறுபடி நடந்து, அளக்கச் சொல்லி உத்தரவு வாங்கிவிட்டோம். வருகிற வெள்ளிக்கிழமை நாள் குறித்திருக்கிறார்கள். புது சர்வேயர் ஒரு சின்ன வயசுப் பெண். நேற்று கிராம நிர்வாக அலுவலர் வீடு தேடி வந்தார்.

"பயிரு பொதியா நிக்குதேம்மா. அறுவடைக்கு அப்புறம் வச்சுக்கலாமே. பொறுமையா இருங்க. ஒங்க அக்காவே செவுத்துல எழுதியிருக்காங்கள்ல."

உன் சொல்லாலேயே என் வாயை அடைத்துவிடலாம் என்று நினைத்தார் போலிருக்கிறது. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"எங்க அக்கா பொறுத்துப் பாத்துட்டாங்க சார்" என்றேன். "வெள்ளிக்கிழமையே வரச் சொல்லுங்க."

உன் கவிதை பொய் என்று சொல்ல மாட்டேன். மண் பொறுக்கும், கதிரும் முற்றும். ஆனால் கதிர் மிராசு வீட்டுக் களத்துக்குப் போனது, நீ வாய்க்காலில் போனாய். இந்த இரண்டையும் பார்த்த பிறகு அந்த நாலு வரியை வாய்விட்டுப் படிக்க என்னால் முடியவில்லை, அக்கா. கோபித்துக்கொள்ளாதே.

வெள்ளிக்கிழமை காலையில் சங்கிலி முனையைப் பிடித்துக்கொண்டு முதலில் இறங்கப்போவது நான்தான். இந்த வருஷம் அந்த வயலில் நடவு நட்டதும் நான்தான். என் கையால் ஊன்றிய பயிரை என் காலாலேயே மிதிக்கப்போகிறேன். இறங்குமுன் குனிந்து அதைத் தொட்டுக் கும்பிட்டுக்கொள்வேன். கல் ஊன்றும் வரை கரையேற மாட்டேன். மாமா நனையாமல் உன்னிடம் வந்து சேருவார். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் கூடப் பிறந்தவள், உன் அளவுக்குப் பொறுமை இல்லாதவள்,
தங்கச்சி வசந்தா