வெள்ளைக்கழிச்சல் தொடாத பேட்ச்

அப்பா,

இன்று காலை கோழிகளின் தண்ணீர்த் தொட்டியில் கலக்கப் பால்பவுடர் பாக்கெட்டை வெட்டினேன். அந்த வாசனையோடு நீங்களும் வந்துவிட்டீர்கள். தண்ணீரில் இருக்கும் குளோரின் தடுப்பு மருந்தைக் கெடுக்காமல் இருக்கத்தான் பால்பவுடர். ஆனால் முதல் கரண்டி எப்போதும் உங்கள் வாய்க்கு. "கோழிக்கு முன்னாடி நான் ருசி பாக்கணும்ல?"

போன கோடையில் நம் வாடிப்பட்டி கோழி செட்டில் குஞ்சுகள் வெயிலில் சோர்ந்து கிடந்தன. பக்கத்துப் பண்ணை மாமா ஒரு மாத்திரை கொண்டுவந்தார். "தண்ணியில போடு மாப்ள, கோழி ஆட்டம் போடும்." மறுநாளே ஆட்டம் போட்டன. கூடவே நீங்களும் போட்டீர்கள்.

அதற்கு அடுத்த நாள் வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து கொடுக்க வேண்டும். அந்த நோய் புகுந்தால் செட்டே காலி. நமக்குக் குஞ்சு தரும் கம்பெனியின் டாக்டர் முன்பு யாரிடமோ சொன்னதைத் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டிருந்தேன்: இந்த மாதிரி ஸ்டீராய்டு மாத்திரை கோழியைத் தெம்பாகக் காட்டும், எதிர்ப்புச் சக்தியை அமுக்கிவிடும். அப்போது கொடுக்கிற தடுப்பு மருந்து சரியாகப் பிடிக்காது. பள்ளிக்கூடத்தை விட்டபின் எனக்குக் கோழிகளிடம்தான் பேச வரும். தீவனத் தட்டைப் பார்த்தே முணுமுணுத்தேன்.

"கோழிக்குக் கேட்டுருச்சு. எனக்கும் கொஞ்சம் சொல்லு ஆத்தா."

சொன்னேன். நீங்கள் மாத்திரை கலந்த தொட்டித் தண்ணீரை முழுதும் திறந்து வெளியே விட்டீர்கள். டாக்டரைப் போனில் கேட்டோம். மாத்திரையை நிறுத்திவிட்டு, சில நாள் பொறுத்து மருந்து கொடுக்கச் சொன்னார்.

சுற்றுப் பண்ணைகளில் நோய் வந்திருந்தது. அந்தச் சில நாளும் கோழிகளுக்கு நீங்கள்தான் காவல். வாசலில் கயிறு கட்டினீர்கள். ஆனையூரிலிருந்து பணியாரத்தோடு வந்த அத்தையையே கிருமிநாசினித் தண்ணீரில் நிற்க வைத்தீர்கள்.

"கூடப்பொறந்தவளைக் காலைக் கழுவிட்டு வான்னு சொல்றியே, இது அடுக்குமாடா?"

"காலோட விட்டேன்னு சந்தோசப்படுக்கா."

அத்தை கோபத்தில் கயிற்றுக்கு அந்தப் பக்கமே உட்கார்ந்து, அம்புட்டுப் பணியாரத்தையும் நமக்குக் காட்டிக் காட்டித் தின்றார்.

பிறகு மருந்து கொடுத்தோம். ஒரு குஞ்சுக்கும் கழிச்சல் வரவில்லை. கோழி ஏற்ற லாரி வந்த அன்று கம்பெனி சூப்பர்வைசர் கேட்டார்: "எப்டிண்ணே தப்பிச்சீங்க?"

"அவகிட்டக் கேளுங்க." என்னைக் காட்டிவிட்டு, நீங்கள் தராசுப் பக்கம் போய்த் திரும்பி நின்றுகொண்டீர்கள். வேறு வழியில்லாமல் பேசினேன், முழுதாக. முடிக்கும்வரை நீங்கள் திரும்பவேயில்லை. முதுகு மட்டும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது.

நீங்கள் கண்ணை மூடியபின் அம்மாவும் நானும்தான் செட்டைப் பார்க்கிறோம். டாக்டர், லாரிக்காரர் எல்லாரிடமும் நான்தான் பேசுகிறேன். முதலில் தீவனத் தட்டைத்தான் பார்ப்பேன். உங்கள் முதுகை நினைத்துக்கொள்வேன். சத்தம் வந்துவிடும்.